தீ வந்தால் ஒளியாதே, கண்ணு!

வீட்டில் தீப்பிடித்தால் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? வாசலுக்கு ஓடுவார்கள்.

நாலு வயதுக் குழந்தை என்ன செய்யும்? கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்து கொள்ளும்! கதவுக்குப் பின்னால் பதுங்கும். தீக்குச்சியை உரசியது அந்தக் குழந்தையே என்றால், அடி விழுமே என்ற பயம் வேறு.

ஒளிந்த குழந்தை, தேடுகிறவர்கள் கண்ணில் படாது. ஆபத்தே அங்குதான் இருக்கிறது.

சேலம், நாமக்கல் பக்கத்தில் பல பேருக்கு வீடுதான் தொழிற்கூடம். வெள்ளிக் கொலுசு செய்யும் வீட்டில், பற்றவைக்க நெருப்பு வேண்டும். தறி ஓடும் வீட்டில் நூலும் பஞ்சும் கிடக்கும். தோட்டத்துச் சாளையில் அடுப்புக்குப் பக்கத்திலேயே ஓலையும் சோளத்தட்டும் இருக்கும்.

"தொடாதே!" என்று அதட்டினால் மட்டும் போதுமா? போதாது. தீ வந்த பிறகு என்ன செய்வது என்பதும் குழந்தைக்குத் தெரிய வேண்டும்.

கும்பகோணத்தின் கண்ணீர்

2004-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதியை மறக்க முடியுமா? கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையல் அறையில் பிடித்த தீ, கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 பிஞ்சுகள் மாண்டன. அதன் பிறகு பள்ளிக்கூடங்களில் இருந்த கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன.

கூரையை மாற்றுவது பெரியவர்கள் வேலை. வழியைத் திறந்து வைப்பதும், வெளியே வரப் பழக்குவதும் பெரியவர்கள் வேலையே!

அங்கன்வாடியிலும் பாலர் வகுப்பிலும் இதைப் பாடமாகச் சொன்னால் குழந்தை தூங்கிவிடும். விளையாட்டாகச் சொன்னால் மறக்காது. இதோ, காசு செலவு இல்லாத ஐந்து விளையாட்டுகள்:

பூனை நடை: ஒரு சேலையை இரண்டு பேர் இடுப்பு உயரத்தில் விரித்துப் பிடிக்க வேண்டும். அதுதான் புகை! புகை மேலே ஏறும். நல்ல காற்று தரையை ஒட்டி இருக்கும். சேலையில் தலை படாமல், பூனை போலத் தவழ்ந்து வாசலுக்குப் போகிறவருக்கே வெற்றி.

நில், படு, உருள்: சட்டையில் தீப்பிடித்தால் ஓடக்கூடாது. ஓடினால் காற்றுப் பட்டுத் தீ வளரும். சிவப்புத் துணித் துண்டை முதுகில் ஒட்டுங்கள். குழந்தை உடனே நிற்க வேண்டும். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு படுக்க வேண்டும். துண்டு விழும் வரை உருள வேண்டும்.

விசிலும் வேப்பமரமும்: டீச்சர் விசில் ஊதியதும் எல்லோரும் வரிசையாக வெளியே வந்து வேப்பமரத்தைத் தொட வேண்டும். பொம்மை, செருப்பு எதையும் எடுக்கத் திரும்பக் கூடாது. டீச்சர் தலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தீப்பெட்டி எங்கே?: காலித் தீப்பெட்டியை வகுப்பில் ஓரிடத்தில் வையுங்கள். கண்ட குழந்தை அதைத் தொடாமல் வந்து, "டீச்சர், அங்கே தீப்பெட்டி!" என்று சொன்னால் கைதட்டல்.

முகமூடி மாமா: தீயணைக்கும் வீரரின் முகமூடியைக் கண்டால் குழந்தை பூதம் என்று மிரண்டு ஒளிந்துவிடும். அட்டையில் முகமூடி செய்து மாட்டிக் காட்டுங்கள். "மாமா, நான் இங்கே இருக்கிறேன்!" என்று கத்தச் சொல்லுங்கள்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944-ல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது உயிர் இழந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக நடப்பது. அந்த வாரத்தில் இந்த விளையாட்டுகளைத் தொடங்கலாம். ஆனால் ஒரு நாளோடு விட்டுவிடக் கூடாது. அடிக்கடி ஆடினால்தான் பழக்கம் வரும்.

தாய்மார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை! தீப்பெட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள். வாசலை மறித்து மூட்டை அடுக்காதீர்கள். சுட்டுக்கொண்டால் மையும் மாவும் தடவாமல், 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கு எண் 101.

எல்லாவற்றுக்கும் மேலாக, இன்று இரவே குழந்தையை மடியில் வைத்துச் சொல்லுங்கள்: "நீ என்ன தப்புச் செய்திருந்தாலும் அம்மா அடிக்க மாட்டேன். தீயைக் கண்டால் ஒளியாதே. என்னிடம் ஓடி வந்துவிடு, கண்ணு!"