கொடுத்தது போய்ச் சேர்ந்ததா?

கணினியோடு இணையும் தொடர்பாடல் கருவிகள் பல வகை. ஒவ்வொன்றின் உள்ளமைப்பும் வேறு. அந்த வேறுபாடுகளைச் செய்நிரலுக்குத் தெரியாமல் நடுவே நின்று கையாளும் மென்பொருளே சாதனச் செலுத்தி. அதனிடம் செய்நிரல் எப்படிப் பேச வேண்டும் என்ற உடன்பாடுதான் இடைமுகம்.

யுனிக்ஸை உருவாக்கிய கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் இதற்கு எளிய வழி கண்டனர். கருவியையும் ஒரு கோப்பைப் போலவே திறக்கலாம், வாசிக்கலாம், எழுதலாம், மூடலாம். வேகத்தை மாற்றுவது போன்ற வேலைகளுக்கு மட்டும் தனிக் கட்டளை.

இந்த எளிமைக்குள் ஒரு சிக்கல் உண்டு. செக்கனுக்கு 9600 பிற்று வேகமுள்ள தொடர் இணைப்பில், ஓர் எழுத்துக்குத் தொடக்க, முடிவு பிற்றுகளோடு 10 பிற்று தேவை. எனவே 1920 எழுத்துகள் வெளியேற 2 செக்கன் ஆகும். செலுத்தியோ அவற்றைத் தன் சேமிப்பிடத்தில் வாங்கிக்கொண்டு, "எழுதியாயிற்று" என்று உடனே சொல்லிவிடலாம். கடிதம் தபால் பெட்டியில் விழுந்துவிட்டது, இன்னும் புறப்படவில்லை!

ஆகவே போசிக்ஸ் நியமத்தில், எல்லாம் வெளியேறும்வரை காத்திருக்கத் தனிக் கட்டளை உண்டு. 'எழுது' கட்டளையும் எத்தனை பைற்றுகளை ஏற்றது என்ற எண்ணிக்கையைத் தரும். குறைந்திருந்தால் மீதியை மறுபடி கொடுப்பது செய்நிரலின் பொறுப்பு. எல்லாம் வெளியேறினாலும், மறுமுனையிலிருந்து பதில் வந்தால்தான் சேர்ந்தது உறுதி.

நோயாளியின் இதயத்துடிப்பை அனுப்பும் கருவியில் இந்த வேறுபாட்டை மறந்தால் என்னவாகும்? நல்ல இடைமுகம் வன்பொருளின் சிக்கலை மறைக்கலாம். இழப்பை மறைக்கக் கூடாது.