மரியோவுக்கு 40 கேபி போதுமாக இருந்தது. இன்றைய கேம் ஏன் 150 ஜிபி கேட்கிறது?

வெள்ளிக்கிழமை இரவு. வாரம் முழுக்க மீட்டிங், டெட்லைன் என்று ஓடி முடித்துவிட்டு உட்காருகிறீர்கள். நண்பர்கள் எல்லோரும் ஆன்லைனில் காத்திருக்கிறார்கள். புது கேமை இன்ஸ்டால் செய்யப் போனால், 'போதுமான இடம் இல்லை' என்று லேப்டாப் கையை விரிக்கிறது. 512 ஜிபி எஸ்.எஸ்.டி என்று சொல்லித்தான் விற்றார்கள். விண்டோஸ் அதை 476 ஜிபி என்றுதான் காட்டும். அதிலும் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்ளும். ஆஃபீஸ் ஃபைல், கல்யாண வீடியோ எல்லாம் போக, 150 ஜிபிக்கு எங்கே போவது?

பேசாம புது எஸ்.எஸ்.டி வாங்கிடலாமா? பர்ஸைத் திறப்பதற்கு முன்னால், அந்த 150 ஜிபிக்குள் என்னதான் இருக்கிறது என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள்.

2025 டிசம்பரில் நடந்த ஒரு சம்பவம் இதற்கு நல்ல உதாரணம். 'ஹெல்டைவர்ஸ் 2' என்ற பிரபலமான ஷூட்டர் கேம், கம்ப்யூட்டரில் சுமார் 154 ஜிபி இடம் பிடித்துக்கொண்டிருந்தது. அதை உருவாக்கிய ஸ்வீடன் நிறுவனமான ஆரோஹெட், ஒல்லியான ஒரு பதிப்பை வெளியிட்டது. அளவு? சுமார் 23 ஜிபி. ஒரு துப்பாக்கியையும் எடுக்கவில்லை, ஒரு எதிரியையும் குறைக்கவில்லை. கேம் அதேதான். காணாமல் போன 131 ஜிபியும் ஏற்கெனவே உள்ளே இருந்தவற்றின் நகல்கள்!

100 எம்பிபிஎஸ் இணைப்பில் 154 ஜிபியை இறக்க கிட்டத்தட்ட மூன்றரை மணி நேரம் ஆகும். 23 ஜிபிக்கு அரை மணி நேரம். தினம் 2 ஜிபி கொடுக்கும் மொபைல் பேக்கை வைத்துப் பார்த்தால், முன்னதற்கு 77 நாள் டேட்டா, பின்னதற்கு 12 நாள்.

ஒரே பொருளை எதற்கு இத்தனை முறை வைத்தார்கள்?

சோம்பேறித்தனம் என்று திட்டுவதற்கு முன், பழைய ஹார்ட் டிஸ்க் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். அதற்குள் ஒரு தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு முனை அதன் மேல் நகர்ந்து நகர்ந்து படிக்கும். நிமிடத்துக்கு 5,400 சுற்று என்றால், ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். வேண்டிய இடம் முனைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, முனை சரியான தடத்துக்குப் போக இன்னும் சில மில்லி செகண்ட். ஒரு துண்டைத் தேட மொத்தம் 15 என்று வைத்துக்கொண்டால், தட்டில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரம் துண்டுகளை எடுக்க 15 நொடி தேடலிலேயே போய்விடும். எஸ்.எஸ்.டியில் சுற்றும் தட்டே கிடையாது. அதே வேலை கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

அதனால் டெவலப்பர்கள் ஒரு வழி செய்தார்கள். ஒரு காட்சிக்கு வேண்டிய எல்லாவற்றையும் டிஸ்க்கில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிவிடுவது. ஒரே மரம் நூறு காட்சியில் வந்தால் நூறு நகல். பிளேஸ்டேஷன் 4-க்கு 2018-ல் வந்த 'மார்வெல்'ஸ் ஸ்பைடர்மேன்' கேமை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் தெருவோரத் தபால்பெட்டி போன்ற சில பொருட்களின் டேட்டா அதில் 400 முறை வரை திரும்பத் திரும்ப வைக்கப்பட்டிருந்தது. பிளேஸ்டேஷன் 5-ஐ வடிவமைத்த மார்க் செர்னி 2020-ல் இதை உதாரணமாகச் சொல்லித்தான், புது கன்சோலில் ஏன் எஸ்.எஸ்.டி என்று விளக்கினார்.

இதுவரைக்கும் நியாயம்தான். ஆனால் ஹெல்டைவர்ஸ் கதையில் எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. ஹார்ட் டிஸ்க் வைத்து விளையாடியவர்கள், நிறுவனத்தின் கணக்குப்படி, சுமார் 11 சதவீதம் பேர். நகல்கள் இல்லாவிட்டால் அவர்களுக்கு லோடிங் பல மடங்கு நீளும் என்ற அச்சத்தில் மற்ற எல்லோருடைய டிஸ்க்கும் நிரப்பப்பட்டது. அந்த அச்சத்துக்கு அடிப்படை, துறையில் பொதுவாக நிலவிய கணக்கு. பிறகு தங்கள் சொந்த கேமையே அளந்து பார்த்தபோதுதான், லோடிங் நேரத்தின் பெரும்பகுதி மேப்பை உருவாக்குவதில் போகிறது என்று தெரியவந்தது. நகல்களை நீக்கினால் ஹார்ட் டிஸ்க்காரர்களுக்குக்கூட சில நொடிதான் கூடும். முதலிலேயே அளந்திருக்கலாம். வெளிப்படையாக ஒப்புக்கொண்டு சரிசெய்தார்கள் என்பதற்காக அவர்களைப் பாராட்டவும் வேண்டும். பலர் அதையும் செய்வதில்லை.

அந்தக் காலத்தில் எப்படிச் சமாளித்தார்கள்?

1985-ல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' மொத்தமே 40 கேபி. புரோகிராமுக்கு 32, படங்களுக்கு 8. வாட்ஸ்அப்பில் வரும் ஒரு 'குட் மார்னிங்' படம் இதைவிடப் பெரிதாக இருக்கும். அடுத்த முறை அந்த கேமைப் பார்த்தால் வானத்து மேகத்தையும் தரையில் இருக்கும் புதரையும் கவனியுங்கள். இரண்டும் ஒரே படம். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். லுயிஜியும் அப்படித்தான், நிறம் மாற்றிய மரியோ.

(நம்ம ஊர் வீடுகளில் டிவியில் மாட்டி விளையாடிய '9999 இன் 1' கேசட் ஞாபகம் இருக்கிறதா? பத்துப் பதினைந்து கேமையே பெயர் மாற்றி மாற்றி மெனுவில் நீட்டியிருப்பார்கள். நகல் எடுப்பதில் அவர்கள்தான் முன்னோடி.)

அதைவிட எனக்குப் பிடித்தது 1984-ல் வந்த 'எலைட்'. அது முதலில் ஓடிய பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டரில் 32 கேபி மெமரிதான். அதற்குள் 8 விண்மீன் மண்டலம், ஒவ்வொன்றிலும் 256 கிரகம், மொத்தம் 2,048. எல்லாவற்றையும் சேமித்து வைக்க இடம் ஏது? ஒரு சின்ன எண்ணை விதையாக வைத்து, பெயர், அரசு, பொருளாதாரம் என எல்லாவற்றையும் ஒரே சூத்திரம் அந்தந்த நேரத்தில் கணக்குப் போட்டு உருவாக்கியது. இடம் இல்லை, ஆகவே கணக்கு.

2014-ல் வந்த 'டைட்டன்ஃபால்' இதை அப்படியே தலைகீழாகச் செய்தது. கம்ப்யூட்டரில் 48 ஜிபி. அதில் 35 ஜிபி வெறும் ஒலி, அதுவும் சுருக்கப்படாத ஒலி. காரணம், இரண்டே கோர் உள்ள பிராசஸர்களில் ஓடும்போதே சுருக்கிய ஒலியை விரித்தால் கேம் திணறும் என்று கருதினார்கள். பிராசஸரின் வேலையைக் குறைக்க டிஸ்க்கில் இடத்தைக் கொடுத்தார்கள். எந்தக் காலத்திலும் ஹார்டுவேரில் எது பலவீனமோ அதுதான் கேமின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. சிக்கல் என்னவென்றால், அந்தப் பலவீனம் போன பிறகும் அதற்காகச் செய்த ஏற்பாடு அப்படியே தங்கிவிடுகிறது.

படத்தின் தரமும் இடம் பிடிக்கும்தான், மறுக்கவில்லை. 2048-க்கு 2048 பிக்சல் படத்தை 4096-க்கு 4096 ஆக்கினால், அளவு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு ஆகும். 4கே திரை வைத்திருப்பவருக்கு அது வேண்டும். 15 அங்குல 1080பி லேப்டாப்பில் விளையாடும் உங்களுக்கு எதற்கு?

'என் கம்ப்யூட்டர்தான் ஸ்லோ' என்று நினைத்தவர்கள்

ஜிடிஏ ஆன்லைன் விளையாடியவர்களுக்கு அந்த லோடிங் திரை மறக்காது. டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். பலர் கம்ப்யூட்டரைக் குறை சொன்னார்கள். 2021-ல் ஒரு புரோகிராமர், சோர்ஸ் கோடே கையில் இல்லாமல் உள்ளே துருவிப் பார்த்தார். கேம், கடைப் பொருட்களின் பட்டியல் உள்ள 10 எம்பி ஃபைல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தது. அதில் 63,000 பொருட்கள். ஒவ்வொரு பொருளைச் சேர்க்கும்போதும், அது ஏற்கெனவே இருக்கிறதா என்று முன்னால் சேர்த்த எல்லாவற்றோடும் ஒப்பிட்டது. மொத்தம் சுமார் 198 கோடி ஒப்பீடுகள். போதாக்குறைக்கு, ஒவ்வொரு சொல்லைப் படிக்கும்போதும் மீதி ஃபைலின் நீளத்தை முதலிலிருந்து அளந்தது.

இரண்டையும் அவர் சரிசெய்ததும், அவருடைய கம்ப்யூட்டரில் 6 நிமிடம் 2 நிமிடத்துக்குள் வந்தது. ராக்ஸ்டார் நிறுவனம் அதை ஏற்று அப்டேட் வெளியிட்டு, அவருக்கு 10,000 டாலர் பரிசும் கொடுத்தது. கேம் வந்தது 2013-ல். இடையில் எத்தனை பேர், லோடிங் தாங்காமல் புது பிராசஸருக்குக் காசு கொடுத்திருப்பார்கள்?

ஆகவே, வாங்குவதற்கு முன் சிலவற்றைச் செய்து பாருங்கள். ஸ்டீமில் கேமின் பெயரை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போனால், சில கேம்களில் ஹை ரெசல்யூஷன் டெக்ஸ்சர் தனிப் பேக்காக இருக்கும். அதை எடுத்துவிடலாம். கால் ஆஃப் டியூட்டி போன்றவற்றில் கதைப் பகுதியை முடித்துவிட்டால், அதை மட்டும் தனியாக நீக்க முடியும். லேப்டாப்பில் இன்னும் சுற்றும் ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறது என்றால் மட்டும் யோசிக்காதீர்கள், எஸ்.எஸ்.டிக்கு மாறிவிடுங்கள். கேமுக்கு மட்டுமல்ல, காலையில் எக்செல் திறப்பதற்கும் வித்தியாசம் தெரியும்.

ஹெல்டைவர்ஸ் 2 ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், அது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று இன்றே பாருங்கள். இன்னும் 150-ஐத் தாண்டிக் காட்டினால், நீங்கள் பழைய பதிப்பில் இருக்கிறீர்கள்.