வெளியூரில் 'வீகன்' ஹோட்டல் தேடுவது எப்படி?

பால், தயிர், நெய், தேன் என விலங்குகள் தரும் எதையும் சாப்பிடாதவர்களே 'வீகன்'கள். 1944-ல் பிரிட்டனில் பிறந்த சொல் இது. சைவ ஹோட்டல் என்றால் மட்டும் இவர்களுக்குப் போதாது. பொங்கலில் நெய் இருக்குமே! பாக்கெட்டுகளில் உள்ள பச்சைப் புள்ளியும் பால் கலந்த உணவுக்கு உண்டு.

என் பெங்களூரு நண்பர்களில் ஒருவர் வீகன். எல்லோரும் சாப்பிடும்போது அவர் மட்டும் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்காரக் கூடாது. எனவே நெரவியிலிருந்து கிளம்பும் முன்பே கம்ப்யூட்டரில் தேடிவிடுவேன்.

1. 'ஹேப்பிகவ் டாட் நெட்' தளத்தைத் திறங்கள். 1999-ல் தொடங்கிய இத்தளம் உலகெங்கும் உள்ள ஹோட்டல்களைப் பட்டியலிடுகிறது.

2. தேடல் பெட்டியில் ஊர்ப் பெயரை டைப் செய்து என்டர் தட்டுங்கள். 'வீகன்', 'வெஜிடேரியன்', 'வெஜ் ஆப்ஷன்ஸ்' என வகை பிரித்துக் காட்டும். முதல் வகையைத் தேர்ந்தெடுங்கள்.

3. அதே ஹோட்டலைக் கூகுள் மேப்ஸில் தேடி, சமீபத்திய விமர்சனங்களைப் படியுங்கள். கடை மூடப்பட்டிருந்தால் தெரிந்துவிடும்.

4. கடைசியாகப் போன் செய்யுங்கள். "வீகன் உண்டா?" என்பதைவிட, "சாம்பாரில் நெய் விடுவீர்களா? தோசை எண்ணெயில் வார்ப்பீர்களா?" என்று கேட்டால் தெளிவான பதில் வரும்.

காரைக்கால் போன்ற சிறிய ஊர்களில் தனி வீகன் ஹோட்டல் கிடைக்காவிட்டாலும், இந்த நான்காவது வழி கைகொடுக்கும். இட்லிக்கும் தேங்காய்ச் சட்னிக்கும் பால் தேவையில்லையே!