பட்டியலில் இல்லாத வேலை

நாட்டில் ஒழுங்கை நிலைநாட்டுவது, அரசின் முக்கிய முடிவுகளில் மக்களுக்குக் கூடுதல் பங்கு தருவது, விலைவாசி உயர்வைத் தடுப்பது, பேச்சுரிமையைக் காப்பது. இந்த நான்கில் உங்களுக்கு முதலாவது எது, இரண்டாவது எது?

கருத்துக்கணிப்பு முறைகளைக் கற்பிக்கும் நான் மாணவர்களிடம் முதலில் கேட்பது இதைத்தான். நான்குமே வேண்டும் என்பார்கள் பலர். அப்படிச் சொல்ல இதில் இடமில்லை. தனித்தனியாகக் கேட்டால் எதையும் யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. வரிசைப்படுத்தச் சொன்னால்தான் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரியும்.

அமெரிக்க அரசியல் அறிஞர் ரொனால்ட் இங்கிள்ஹார்ட் 1970-ல் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, பிரிட்டன், இத்தாலி, நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகிய 6 நாடுகளில் திரட்டப்பட்ட பதில்களை ஆராய்ந்தார். ஒழுங்கையும் விலைவாசியையும் தேர்ந்தவர்களைப் பொருள்சார் மதிப்பீடு கொண்டவர்கள் என்றார். மற்ற இரண்டையும் தேர்ந்தவர்கள் பொருள்கடந்த மதிப்பீடு கொண்டவர்கள். பக்கத்துக்கு ஒன்றாக எடுத்தவர்கள் கலப்பு வகை. போரையும் பற்றாக்குறையையும் கண்டு வளர்ந்த மூத்தவர்கள் முதல் வகையில் அதிகம். போருக்குப் பிந்தைய செழிப்பில் வளர்ந்த இளைஞர்களிடம் இரண்டாம் வகையின் பங்கு கூடியிருந்தது. இளமையில் பதிந்த மதிப்பீடு எளிதில் மாறாது; எனவே தலைமுறை மாற மாறச் சமூகமும் மாறும் என்பது அவருடைய வாதம்.

1980-களில் மேற்கு நாடுகளில் விலைவாசி உயர்வு தணிந்தது, வேலையின்மை பெருகியது. ஆலை மூடப்பட்டு வேலை இழந்த ஒருவரிடம் இதே பட்டியலை நீட்டினால் என்ன செய்வார்? அவருடைய கவலை வேலை. அது பட்டியலில் இல்லை. விலைவாசி அவரை அவ்வளவாக உறுத்தவில்லை என்றால், மிச்சமுள்ள மூன்றிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதில் ஒன்றாவது பொருள்கடந்த பக்கத்தில் விழுந்தே தீரும். பிழைப்பைத் தேடி அலைபவர், கணக்கில் கலப்பு வகையாகவோ பொருள்கடந்தவராகவோ பதிவாகிவிடுகிறார்.

அரசியல் ஆய்வாளர்கள் ஹெரால்ட் கிளார்க்கும் நிதிஷ் தத்தும் 1991-ல் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டினார்கள். பின்னர் கனடாவிலும் ஜெர்மனியிலும் நடந்த சோதனைகளில் விலைவாசியை எடுத்துவிட்டு வேலையை வைத்தபோது, யார் எந்த வகை என்ற கணக்கே பெரிதும் மாறியது. இங்கிள்ஹார்ட் 1973-லேயே 12 நோக்கங்கள் கொண்ட விரிவான பட்டியலையும் உருவாக்கியிருந்தார். ஆனாலும் கேட்க எளிது என்பதால் குறும்பட்டியலே பரவலாகப் புழங்கியது.

உலக மதிப்பீட்டு ஆய்வு இந்தியா உட்படப் பல நாடுகளில் இவ்வகைக் கேள்விகளைக் கேட்டுவருகிறது. அதன் சதவீதங்களைப் படிக்கும்போது, தேர்வுக்கு வைத்த பட்டியலையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். மக்களை மிகவும் அழுத்தும் கவலை அதில் இல்லையென்றால், அந்தச் சதவீதத்தை வைத்து அவர்களுடைய மனத்தை எடைபோடுவது அநியாயம்.