எலும்பு எழுதிய வம்சாவளி

பைசாந்தியப் பேரரசையே கப்பம் கட்ட வைத்தவர்கள் அவார்கள். கி.பி. 567-68 வாக்கில் ஆசியப் புல்வெளிகளிலிருந்து குதிரையேறி வந்து, இன்றைய ஹங்கேரிச் சமவெளியைப் பிடித்து, 200 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார்கள். ஆனால், தங்கள் வரலாற்றை அவர்கள் எழுதி வைக்கவில்லை. நமக்குக் கிடைத்த குறிப்புகள் பெரும்பாலும் அவர்களுடைய எதிரிகள் எழுதியவை.

அந்தக் குறையை இப்போது எலும்புகள் தீர்த்துவைக்கின்றன. ஹங்கேரியின் நான்கு அவார் இடுகாடுகளில் புதைக்கப்பட்ட 424 பேரின் டிஎன்ஏவை ஆராய்ந்த முடிவுகள் 2024இல் ‘நேச்சர்’ இதழில் வெளியாயின. அவர்களில் சுமார் 300 பேருக்கு நெருங்கிய ரத்த உறவினர் கிடைத்தார்கள். ராகோட்சிஃபால்வா என்ற ஊரில் ஒரே குடும்பத்தின் ஒன்பது தலைமுறையைக் கோத்தெடுக்க முடிந்தது!

உள்காதைச் சுற்றியிருக்கும் எலும்பு மிகக் கெட்டியானது. ஆயிரம் ஆண்டு மண்ணில் கிடந்தாலும் அதற்குள் டிஎன்ஏ தங்கியிருக்கும். அந்த எலும்பைத் துளைத்துச் சிறிது பொடி எடுத்தால் போதும். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் டிஎன்ஏவில் பாதி பொது. தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஏறக்குறைய கால் பங்கு. தந்தைவழியை ஒய் குரோமோசோமும், தாய்வழியை மைட்டோகாண்ட்ரியாவும் காட்டிக்கொடுக்கும்.

இப்படித் தேடியபோது, ஆண்கள் தலைமுறை தலைமுறையாகத் தந்தையின் ஊரிலேயே அடக்கமாகியிருந்தது தெரியவந்தது. அவர்களுடைய பிள்ளைகளைப் பெற்ற பெண்களின் தாய் தந்தையரோ அங்கே இல்லை. எங்கோ பிறந்து, புகுந்த வீட்டு மண்ணில் அடங்கிய பெண்கள் அவர்கள். தனித்தனி ஊர்களை ஒரே சமூகமாகப் பிணைத்ததும் அவர்கள்தான். அண்ணன் தம்பி போன்ற நெருங்கிய உறவினர் இருவருக்கும் ஒரே பெண்ணே பிள்ளை பெற்றதும் தெரிந்தது. கணவன் இறந்தபின் அவன் குடும்பத்திலேயே மறுமணம் செய்துவைக்கும் வழக்கம் இருந்திருக்கலாம்.

2025இல் வெளியான இன்னோர் ஆய்வு வியன்னாவுக்குத் தெற்கே, அருகருகே இருந்த இரண்டு அவார் கால ஊர்களைப் பற்றியது. லியோபர்ஸ்டார்ஃப் மக்களுக்குப் பெரும்பாலும் கிழக்காசிய மரபு. மோட்லிங் மக்களுக்கு ஐரோப்பிய மரபு. ஆனால், கல்லறைப் பொருட்களிலும் வாழ்க்கை முறையிலும் இரண்டு ஊரும் ஒன்றுபோலவே இருந்தன. பூர்விகம் வேறாக இருந்தும் இரண்டு ஊராரும் தங்களை அவார்களாகவே கருதியிருப்பார்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

ஒருவர் யாருக்குப் பிறந்தார் என்பதை டிஎன்ஏ சொல்லும். எந்தச் சமூகத்தின் ஆளாக வாழ்ந்தார் என்பதை அது மட்டும் சொல்லிவிடாது. ‘இது எங்கள் ரத்தம், எங்கள் மண்’ என்று மரபணு ஆய்வைக் கொடியாகப் பிடித்து யார் வந்தாலும், இந்த இரண்டு ஊர்களைக் காட்டுங்கள்.