மரத்தரை: நிறம் பார்க்கும் முன் ஈரம் பாருங்கள்

பினாங்கு ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் கீழ்த்தளத்துக்குச் சுட்ட மண் ஓடு அல்லது பூப்போட்ட சிமெண்ட் ஓடு, பலகை மேல்மாடிக்குத்தான். உத்தரங்களின் மேல் அடித்த பலகைக்கு இருபுறமும் காற்றுப்படும். நிலத்தை ஒட்டிய பலகை ஈரத்தில் உளுத்துவிடும். சுங்கை பினாங் ஆற்றோரத் தாழ்நிலத்தில் 2017 நவம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

இப்போதைய ரசனை வேறு. செங்கால், மெர்பாவ் மரங்களின் கருஞ்சிவப்புக்குப் பதில் ஓக் மரத்தின் வெளிர்நிறம். பளபளப்புக்குப் பதில் மங்கிய எண்ணெய்ப் பூச்சு. ஒடுங்கிய பலகைக்குப் பதில் அகலப் பலகை, அல்லது மீன்முள் போல் சாய்த்துப் பதிக்கும் முறை.

அகலப் பலகையில்தான் சிக்கல். மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது. அகலவாக்கில் ஈரம் குடித்து விரியும், உலர்ந்து சுருங்கும். வெளியே புழுக்கம், உள்ளே ஏர்கோன் என்றிருக்கும் பினாங்கு வீட்டில் இது ஓயாது நடக்கும். 20 செ.மீ. பலகை ஒரு சதவீதம் சுருங்கினாலே 2 மி.மீ. சந்து விழும். அதனால்தான் அடுக்குப் பலகை வந்தது. மேலே 2 முதல் 6 மி.மீ. வரை அசல் மரம். அடியில் மெல்லிய தகடுகள், ஒன்றன் இழைக்குக் குறுக்காக அடுத்ததன் இழை. ஒன்று விரியப் பார்த்தால் மற்றது பிடித்துக்கொள்ளும்.

வெளிர்நிறம் வேண்டுவோருக்கு நம் பால்மரமும் (ரப்பர் மரம்) உண்டு. சுமார் 25, 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் மறுநடவுக்காக வெட்டப்படும் இம்மரம் ஒருகாலத்தில் விறகாகத்தான் போனது. இதில் மாவுச்சத்து அதிகம்; வண்டும் பூஞ்சையும் விரைந்து பிடிக்கும். அறுத்த கையோடு போரான் மருந்தேற்றிச் சூளையில் உலர்த்தும் முறை வந்தபின் மேசை நாற்காலிக்கும் தரைக்கும் பயன்படுகிறது. நம் முன்னோர் பால் வெட்டிய மரம், இன்று வரவேற்பறைக்கு வந்திருக்கிறது.

கடையில் 'எஸ்.பி.சி.' என்று காட்டுவது மரமே அல்ல. சுண்ணாம்புக்கல் தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த தகட்டின்மேல் மரப்படம். தண்ணீருக்கு அசையாது என்பதால் கீழ்வீட்டுக்கும் சமையலறைக்கும் ஏற்றது. ஆனால் தேய்ந்தால் இழைத்துப் புதுப்பிக்க முடியாது.

ஆகவே மாதிரிப் பலகையின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். மேல்மரம் 4 மி.மீ. அளவுக்கு இருந்தால் பிற்பாடு இழைத்து மெருகேற்றலாம், 2 மி.மீ. என்றால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. விலை பேசுவது அதன் பிறகு.