அனுப்பர்பாளையம்: பெயரும் தொழிலும் குடியிருப்பும்

முன்னுரை

திருப்பூர் பின்னலாடை நகரம் என்றே அறியப்படுகிறது. எனினும் அதன் பகுதிகள் யாவும் பனியன் தொழிலால் உருவானவை அல்ல. அவிநாசி சாலையில் அமைந்த அனுப்பர்பாளையம் பாத்திரத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. ஊர்ப்பெயர், தொழில், குடியிருப்பு ஆகிய மூன்றன் வழி அப்பகுதியின் தன்மையை இக்கட்டுரை விளக்குகிறது.

ஊர்ப்பெயர்

‘பாளையம்’ என்னும் சொல் படை தங்குமிடத்தைக் குறித்துப் பின்னர்ச் சிற்றூரையும் குறித்தது. வேலம்பாளையம், அங்கேரிபாளையம், அம்மாபாளையம் எனத் திருப்பூரைச் சுற்றி இவ்வீறு பெற்ற ஊர்கள் பல. அனுப்பர் என்போர் கன்னடம் பேசும் வேளாண் குடியினர். 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தொகுப்பும் அவர்களைப் பதிவுசெய்துள்ளது. ஆகவே ஊர்ப்பெயர் சுட்டுவது உழவுக்குடியையே. உலோகத் தொழிலை அன்று.

தொழில்

செம்பு, பித்தளை, எவர்சில்வர் ஆகியவற்றால் குடம், அண்டா, பொங்கல் பானை முதலியன இங்குள்ள பட்டறைகளில் செய்யப்படுகின்றன. தகடு வெட்டுதல், தட்டி வடிவாக்குதல், இணைத்தல், மெருகிடுதல் எனப் பணி பல கைகளுக்குப் பகிரப்படுகிறது. கூலி பாத்திரத்தின் வகைக்கேற்ப வரையறுக்கப்படுவது. அதனைக் காலந்தோறும் உற்பத்தியாளரும் தொழிற்சங்கத்தினரும் பேசி ஒப்பந்தம் செய்கின்றனர். தைப்பொங்கலை ஒட்டிப் பித்தளைப் பானைகளின் தேவை மிகுகிறது. எவர்சில்வரின் வரவோ அன்றாடப் புழக்கத்திலிருந்து செம்பையும் பித்தளையையும் பெரிதும் விலக்கிவிட்டது.

குடியிருப்பு

1980களில் பின்னலாடை ஏற்றுமதி பெருகியபின் தென்மாவட்டத்தாரும், அண்மைக் காலத்தில் வடமாநிலத்தாரும் திருப்பூரில் குடியேறினர். அவர்களுக்கென ‘லைன் வீடுகள்’ எழுந்தன. 2008இல் திருப்பூர் மாநகராட்சியாயிற்று. 2011இல் அண்டையிலுள்ள 15 வேலம்பாளையம் நகராட்சியும் அதனுடன் இணைந்தது. நகரம் விரியும்போது பட்டறைக்கும் வாடகை வீட்டுக்கும் ஒரே மனை போட்டிக்குரியதாகிறது. பட்டறைத் தொழிலாளியின் அடுத்த தலைமுறைக்குப் பனியன் கம்பெனி அருகிலேயே வேலை தருகிறது.

முடிவுரை

உழவு, உலோகம், பின்னலாடை என மூன்று அடுக்குகள் இப்பகுதியில் காணப்படுகின்றன. முதலாவது ஊர்ப்பெயரில் நிலைத்துவிட்டது. மூன்றாவதற்கு ஏற்றுமதிக் கணக்குகளே சான்றாகும். இடைப்பட்ட பாத்திரத் தொழிலின் கருவிப்பெயர்களும் வினைச்சொற்களும் பெரும்பாலும் தொழிலாளரின் பேச்சிலேயே வாழ்கின்றன. ஒரு பட்டறை மூடப்படும்போது அச்சொற்களும் வழக்கிழக்கின்றன. ஆதலின் முதிய தொழிலாளரிடமிருந்து அவற்றைத் தொகுத்தல் இப்பகுதி பற்றிய ஆய்வின் உடனடித் தேவையாகும்.